தீட்டிய திரையும் சாக்குத் திரையும்: வங்க மேடையில் நடப்பியல்

ஓவியத் திரை மேடைக்கு வந்ததையே நாடகத்தில் நடப்பியல் வந்ததாகக் கொள்ளும் போக்கு ஆய்வுகளில் அவ்வப்போது தலைகாட்டுகின்றது. இது இருவேறு பண்புகளை ஒன்றாக்கிவிடும் கருத்தாகும். காட்டைக் காடுபோலத் தீட்டுவது தோற்ற ஒப்புமை. தன் காலத்து மக்களின் வாழ்வை ஒப்பனையின்றிப் பொருளாகக் கொள்வது நடப்பியல். கல்லுடைக்கும் கூலியாட்களை 1849இல் தீட்டிய கூர்பே, 1855இல் பாரிசில் தம் தனிக்காட்சிக்கு ‘நடப்பியல்’ என்று பெயரிட்டார். அவர் முன்னிறுத்தியது இந்தப் பொருள்தேர்வையே. ஐரோப்பிய மேடையில் நடப்பியல் தீட்டிய திரையோடு பிணங்கியே வளர்ந்தது. ‘மிஸ் ஜூலி’ நாடகத்தின் முன்னுரையில் (1888) ஸ்டிரிண்ட்பெர்க், துணியில் வரைந்த கதவுகளையும் சமையற் பாத்திரங்களையும் மேடையினின்று அகற்ற வேண்டினார்.

இவ்வேறுபாட்டை வங்க நாடகம் தெளிவுறக் காட்டுகின்றது. 1872இல் கல்கத்தாவில் தொடங்கிய நேஷனல் தியேட்டர், தீனபந்து மித்ராவின் ‘நீல்தர்ப்பண்’ நாடகத்தை முதலில் அரங்கேற்றியது. அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைப் பேசும் நாடகம் அது. அவ்வரங்கின் காட்சியமைப்பில் தர்மதாஸ் சூர் பெரும்பங்கு ஆற்றினார். நாடகத்தின் பொருள் நடப்பியல் சார்ந்தது. மேடையோ ஐரோப்பிய வழிவந்த தீட்டிய காட்சி மரபைச் சார்ந்தது. அரண்மனை, வீதி, காடு, தோட்டம் என ஒரு சில பொதுத்திரைகளைப் பல நாடகங்களுக்கும் பயன்படுத்துவது அம்மரபின் இயல்பு. பொதுத்திரை எந்த ஊருக்கும் பொருந்தும்; அதனாலேயே எந்த ஊரையும் சுட்டுவதில்லை. நடப்பியலோ குறிப்பிட்ட ஊரையும் குறிப்பிட்ட மனிதரையும் வேண்டி நிற்பது.

அவ்வேண்டுதலை 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் முன்வைத்தது. சித்தபிரசாத் மிதுனாப்பூர் வட்டாரத்தில் சுற்றித் தாம் கண்டவர்களை மைக்கோடுகளில் வரைந்து, பெயரும் ஊரும் சுட்டி எழுதினார். அவரது ‘பசித்த வங்கம்’ நூலின் படிகளுள் பெரும்பாலானவற்றை ஆங்கில அரசு பறித்து அழித்தது. ஜைனுல் ஆபிதீன் பட்டினியால் மடிந்தோரை மலிவான பொதிதாளில் வரைந்தார். மறு ஆண்டே இந்திய மக்கள் நாடக மன்றம் பிஜன் பட்டாச்சாரியாவின் ‘நபான்ன’ நாடகத்தை மேடையேற்றியது. உழவர்கள் ஊரைவிட்டு நகர வீதியில் கையேந்தி, மீண்டும் மண்ணுக்குத் திரும்பும் கதை அது. மேடையின் பின்புறத்தில் தீட்டிய ஊரோ வீதியோ இல்லை. சாக்குத் துணியே திரையாயிற்று.

சாக்குத் திரை எதையும் ஒத்திருக்கவில்லை. ஆயினும் தீட்டிய எந்த ஊரைக் காட்டிலும் அது பஞ்சத்திற்கு நெருக்கமானது. சணல் வங்கத்தின் விளைபொருள். சாக்கு நெல்லையும் அரிசியையும் கட்டும் பொருள். தானியம் வாணிகக் கிடங்கில் இருக்க உழவன் பட்டினி கிடந்த காலத்தில், தானியமற்ற சாக்கே மேடையின் பின்புலமாயிற்று. பொதிதாளும் சாக்கும் கலைஞர்களுக்குக் கிடைத்த எளிய பொருள்கள்தாமே, இதில் கொள்கை எங்கே என வினவலாம். வறுமை பொருளைத் தந்தது. அதை மறைக்காமல் மேடையில் நிறுத்தியது கலைத்துணிவு. வண்ணம் பூசி அதை மறைத்திருந்தால் பஞ்சமும் மறைந்திருக்கும்.

இதனால் திரையோவியரின் கலை தாழ்ந்தது எனல் பொருந்தாது. அதன் இலக்கு வேறு. இதற்குத் தமிழகச் சான்று கொண்டையராஜு (1898-1976). நாடகக் குழுவுக்குக் காட்சித்திரை தீட்டிய அவர், பின்னர்க் கோவில்பட்டியில் தங்கித் தம் மாணவர்களுடன் நாட்காட்டித் தெய்வப் படங்களை வரைந்தார். மேடைத்திரையின் ஆழத் தோற்றமும் ஒளிரும் வண்ணமும் அப்படங்களில் தெய்வத்தின் பின்னே மலையாகவும் சோலையாகவும் விரிந்தன. தீட்டிய திரை தன் இயல்பான வாரிசைக் கண்டடைந்தது தெய்வக்காட்சியில். நடப்பியல் ஓவியத்தில் அன்று.

ஆகவே, திரையின் வருகையை நடப்பியலின் தொடக்கமாக எழுதும் நாடக வரலாறு இருவருக்கும் தீங்கிழைக்கின்றது. திரையோவியரை அவர் நாடாத இலக்கினால் அளந்து குறைகாண்கின்றது. சாக்கைத் தொங்கவிட்டவரின் துணிவைப் பொருட்குறை எனக் கடந்துவிடுகின்றது. மேடைத்திரை எதைப்போல் இருந்தது என்னும் வினாவோடு, யாருடைய வாழ்வை முன்னே நிறுத்தியது என்னும் வினாவையும் சேர்த்தெழுப்புவதே நாடக ஆய்வுக்கு முறையாகும்.