கைமாறப் போகும் டேபிள் சா: பாஷ் ஜி.டி.எஸ். 10 ஜே

பழைய டேபிள் சா விலைக்கு என்று தெரிந்து போன் செய்கிறவர்களின் முதல் கேள்வி, "மோட்டார் எத்தனை வாட்ஸ் சார்?" அடுத்தது, "கடைசி விலை என்ன?" பலகையை வழிநடத்தும் சட்டமான ஃபென்ஸ் நேராகப் பூட்டுகிறதா, ரைவிங் கத்தி இருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். என்னைக் கேட்டால் பழைய மிஷினின் விலை அந்த இரண்டில்தான் இருக்கிறது. என் வீட்டுப் பட்டறையில் இருக்கும் பாஷ் ஜி.டி.எஸ். 10 ஜே-யை விற்பதற்கு முன், வாங்குகிறவன் கண்ணோடு ஒரு முறை சோதித்துப் பார்த்தேன்.

வாட்ஸ் கேட்பவர்களுக்கு: 1800. 254 மில்லிமீட்டர் பிளேடு, அதாவது பத்து இஞ்ச். நிமிடத்துக்கு 3650 சுற்று. நேராக வைத்தால் 79 மில்லிமீட்டர் உயரம் அறுக்கும், 45 டிகிரி சாய்த்தால் 56. எடை 26 கிலோ. ஒருவரே தூக்கிவிடலாம், மாடிப்படி என்றால் இரண்டு பேர் நல்லது. மேசை அலுமினியம் என்பதால் வார்ப்பிரும்பு மேசையைப் போலத் துருப்பிடிக்கும் கவலை இல்லை. மெழுகு தேய்த்துத் துடைத்தால் பலகை வழுக்கிக்கொண்டு போகிறது.

இனி முக்கியமான சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழுதாக உயர்த்தி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்தேன். மேசையில் ஓடும் மைட்டர் பள்ளத்திலிருந்து அந்தப் பல் வரை முன்பக்கம் ஓர் அளவு. பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் இன்னோர் அளவு. வேறு பல்லில் அளந்தால் பிளேடின் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் ஒரு தாளின் பருமனுக்குள் அடங்கியது. ஃபென்ஸையும் அதே பள்ளத்தோடு ஒப்பிட்டேன். அது பின்பக்கம் இம்மியளவு விலகியிருந்தால் பாதகமில்லை. பிளேடை நோக்கி நெருங்கினால்தான் ஆபத்து. மரம் இடையில் நெரிபட்டு, பின்பக்கம் மேலேறும் பற்களில் சிக்கி, நிற்கிறவர் வயிற்றை நோக்கிப் பாயும். கிக்பேக் என்பது இதுதான்.

அதைத் தடுக்க, பிளேடுக்குப் பின்னால் பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும் தகடுதான் ரைவிங் கத்தி. நம் ஊர்ப் பட்டறைகளில் பலகைக்கு அடியில் கட்டரைத் தலைகீழாக மாட்டி ஓட்டிப் பழகியவர்கள், "இது எதுக்கு, இடைஞ்சல்" என்று முதல் நாளே கழற்றி வைத்துவிடுவார்கள். பிறகு தேடினால் கிடைக்காது. இங்கே கத்தியும் மேல்மூடியும் இருக்கின்றன. விற்பனைக்கான படத்தில் அவற்றைத்தான் முன்னால் வைத்து எடுத்தேன். வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கத்தி, பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் பற்கள் போடும் வெட்டைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய பிளேடு வாங்கிப் போட்டால் மரம் கத்தியில் முட்டி நின்றுவிடும். பிளேடின் நடுத்துளையும் மிஷினுக்குப் பொருந்த வேண்டும், சந்தையில் 25.4, 30 மில்லிமீட்டர் என இரண்டும் உண்டு.

அமெரிக்காவில் சாஸ்டாப் என்றொரு மிஷின் உண்டு. விரல் பட்டால் சுமார் 5 மில்லிசெகண்டில் பிளேடு நின்றுவிடும். இதில் அதெல்லாம் கிடையாது. தள்ளுகட்டையும் நிதானமும்தான்.

சத்தம் பற்றி மூடி மறைக்க முடியாது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், கூவத்தான் செய்யும். காதடைப்பான் இல்லாமல் ஓட்டக் கூடாது. அடுக்குமாடிக்காரர்கள் வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டாரை நினைத்துக்கொள்ளவும். நான் விற்பதற்கும் அதுதான் காரணம். சுவிட்சை அணைத்த பிறகு பிளேடு ஓய்ந்து நிற்கும் வரை காது கொடுத்துக் கேட்க வேண்டும். கரகரப்பு வந்தால் பேரிங் போயிருக்கும். என்னுடையதில் சீராக இறங்குகிறது. மின்சாரம் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும், ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். டிவிக்குப் போடும் எக்ஸ்டென்ஷன் ஒயர் உருகிவிடும்.

பார்க்க வருகிறவர் முன்னால் ஓர் அகலமான பிளைவுட் துண்டை மைட்டர் கேஜில் வைத்துக் குறுக்கே அறுத்துக் காட்டுவேன். இரண்டு துண்டில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, நேரான சட்டத்தில் சாய்த்து, அறுத்த விளிம்புகளைச் சேர்த்தால் கோணத்தின் பிழை இரட்டிப்பாகத் தெரியும். மூலைமட்டம் காட்டாததைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும். இடைவெளி தெரிந்தால் பேரம் பேசிக்கொள்ளட்டும்.

நாள் முழுக்கத் தேக்கு நிலை, கதவு அறுக்கும் பட்டறைக்கு இதைத் தர மாட்டேன். அவர்களுக்கு வேண்டியது இண்டக்‌ஷன் மோட்டார் போட்ட கனமான மிஷின். அலமாரி, கட்டில், சமையலறை வேலை செய்கிற ஒருவருக்கு அளவாக இருக்கும். புது விலையில் பாதிக்குச் சற்று மேலே கேட்கிறேன், பில்லோடு. கத்தியும் மூடியும் தொலைந்த மிஷினை யாராவது கொண்டுவந்தால் நானே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர மாட்டேன்.