போல்ட்டுத் தலையில் ஓர் எஃப்

பழைய ராணுவ ஜீப்புக்கு உதிரிபாகம் தேடுகிறவர் பழைய இரும்புக் கடையில் நிற்கும் விதமே தனி. குவியலில் கைவிட்டு ஒரு போல்ட்டை எடுப்பார், கம்பி பிரஷ்ஷால் தலையை நாலு தேய்ப்புத் தேய்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். துரு விலகியதும் அறுகோணத் தலையின் நடுவில் ஆங்கில ‘எஃப்’ புடைத்துத் தெரியும். வெறும் அச்செழுத்து அல்ல. ஃபோர்டு கம்பெனி தன் பெயரைக் கையெழுத்துப் போல எழுதுமே, அந்தச் சுழித்த எஃப். விரல்நுனி அளவு இரும்பில் ஒரு குடும்பக் கையெழுத்து!

அதன் ருசி புரிய, கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் உருவாயின. ராணுவம் தேர்ந்தெடுத்தது வில்லிஸ் கம்பெனியின் வடிவத்தை. ஒரு கம்பெனியால் தாக்குப்பிடிக்க முடியாத தேவை என்பதால் ஃபோர்டும் அதே வரைபடத்தை வைத்துச் செய்தது. இந்த வண்டியின் பாகம் அந்த வண்டியில் மறுபேச்சில்லாமல் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பு. ஃபோர்டு பொருத்தித்தான் கொடுத்தது. ஆனால் போல்ட் வரைக்கும் தன் முத்திரையைக் குத்திவிட்டது. அடுத்த கம்பெனிப் பாகம் உடைந்தால் பழி தன் தலையில் விழக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை என்பார்கள். வண்டியின் பின்தகட்டில் கம்பெனிப் பெயரைப் பெரிதாகப் பொறிப்பதும் தொடக்கத்தில் வழக்கமாக இருந்தது. 1942-இல் ராணுவம் அதை நிறுத்தச் சொன்னது. பெரிய பெயர் போயிற்று. சின்ன எஃப் ஒளிந்து பிழைத்துக்கொண்டது.

கிரில்லுக்குக் கீழே குனிந்தால் இன்னொரு விருந்து. சேஸியின் முன்குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய்; ஃபோர்டில் கவிழ்த்து வைத்த ‘ப’. கிரில்லிலும் பாருங்கள்: ஆரம்ப வில்லிஸ் வண்டிகளில் இரும்புப் பட்டைகளை வரிசையாக வைத்து வெல்டிங் அடித்திருப்பார்கள். ஃபோர்டு ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஒன்பது பிளவுகளைத் திறந்தது. பிறகு வில்லிஸும் அதற்கே மாறியது. இன்று உலகமே ஜீப்பின் முகம் என்று கொண்டாடுவது போட்டிக் கம்பெனியின் கைவேலை!

பாகம் கிடைக்காதபோது செய்துதான் ஆக வேண்டும். பிலிப்பைன்ஸில் எம்.டி. ஹுவான் நிறுவனம் இந்த ஜீப்புக்கு முழு பாடியையே புதிதாக அடித்துத் தருகிறது. போருக்குப் பின் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்பை நீட்டி ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஆக்கிய நாட்டுக்குத் தகடு வளைக்கச் சொல்லித்தர வேண்டுமா? வார்ப்புப் பாகத்தில்தான் சூட்சுமம். பழைய பாகத்தையே மணலில் பதித்து அச்செடுத்தால், ஊற்றிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். துளைகள் நெருங்கி வரும். எழுத்தின் ஓரங்களும் மழுங்கும். அனுபவசாலி அந்த மழுங்கலைப் பார்த்தே நகல் என்று சொல்லிவிடுவார். நல்ல வார்ப்படக்காரர் சுருக்கத்துக்கு இடம் விட்டுப் புது மாதிரி செதுக்கிய பிறகே மணலைத் தொடுவார்.

இப்போது எஃப் பொறித்த போல்ட்டுகளையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். வாங்கி வண்டி முழுக்க எஃப் மயமாக்குகிறவர்களும் உண்டு. எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. போர்முனைப் பட்டறையில் மெக்கானிக் முத்திரை பார்த்தா முடுக்கினார்? கைக்கு அகப்பட்டதைப் போட்டு வண்டியை விரட்டியிருப்பார். ஃபோர்டு வண்டியில் நாலு வில்லிஸ் போல்ட் இருந்தால் அது குறையில்லை, சர்வீஸ் சரித்திரம்.

ஆகவே ஜீப் வாங்கியிருப்பவர்களே, மரை நன்றாக இருக்கும் பழைய போல்ட்டை எஃப் இல்லை என்பதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். மரை தேய்ந்திருந்தால் எஃப் இருந்தாலும் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் மாட்டாதீர்கள்.