காத்திருப்பவர்களின் பட்டியல்

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் சாவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அலறிக்கொண்டு விழுவது. நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தைத் தொட்ட நிரலை ப்ராசஸர் அந்தக் கணமே பிடித்து நிறுத்திவிடும். எந்தக் கட்டளையில் விழுந்தது, எந்த முகவரியைத் தொட்டது என்ற விவரமெல்லாம் கைக்கு வந்துவிடும். இன்னொன்று, ஒரு வார்த்தை பேசாமல் உறைந்துபோவது. பிழைச்செய்தி இல்லை, ப்ராசஸர் சும்மா கிடக்கிறது, மெமரி தாராளமாக இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. முதலாவது பெரும்பாலும் மெமரிக் கோளாறு. இரண்டாவது, த்ரெட்களுக்கு இடையிலான கோளாறு. மைக்ரோகெர்னல் இயங்குதளம் முதலாவதைச் சில்லறை விவகாரமாக்கிவிடுகிறது. இரண்டாவதை உட்கார்ந்து வாசிக்கத் தக்கதாக மாற்றித் தருகிறது. டீபக்கிங்கை ரசிப்பவருக்கு இந்த இரண்டாவதுதான் விருந்து என்பது என் கட்சி.

லினக்ஸ் கெர்னலில் கோப்பு முறைமை, நெட்வொர்க், எண்ணற்ற டிரைவர்கள் எல்லாம் தடுப்பே இல்லாத ஒரே கூடத்தில் குடியிருக்கின்றன. வைஃபை டிரைவர் தவறான பாயிண்டரில் எழுதினால், கெட்டுப்போவது கோப்பு முறைமையின் அட்டவணையாக இருக்கலாம். அது எப்போதோ, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் வெடிக்கும். மைக்ரோகெர்னல் அந்தக் கூடத்தைப் போர்ஷன் போர்ஷனாகத் தடுத்துவிடுகிறது. டிரைவர் ஒரு தனி ப்ராசஸ், கோப்பு முறைமை ஒரு தனி ப்ராசஸ். ஒன்றிடம் இன்னொன்றுக்கு ஏதாவது வேண்டுமானால் கதவைத் தட்டிக் கேட்கவேண்டும், அதாவது செய்தி அனுப்பவேண்டும். கெர்னலுக்கு மிஞ்சுவது செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ப்ராசஸர் நேரத்தைப் பங்கிடுவது, சுவர்களைக் காப்பது என்ற சொற்ப வேலைதான். கனடாவின் வாட்டர்லூவில் 1980இல் பிறந்த க்யூஎன்எக்ஸ், கார்னகி மெலனில் 1985இல் தொடங்கிய மாக், ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் 1987இல் வெளியிட்ட மினிக்ஸ், மாக்கின் மந்தகதியைப் பொறுக்கமுடியாமல் ஜெர்மனியில் யோகன் லீட்கே எழுதிய எல்4 எல்லாம் இந்தக் குடும்பம்.

மெமரிக் கோளாறை முதலில் முடித்துவிடலாம். சுவர் இருப்பதால் தவறு செய்தவரே விழுகிறார், விழுந்த இடத்திலேயே கிடக்கிறார். எல்4 மரபில் இதை இன்னும் நளினமாகச் செய்திருக்கிறார்கள். ஒரு த்ரெட் இல்லாத பக்கத்தைத் தொட்டால், கெர்னல் அந்த விபத்தையே ஒரு செய்தியாக்கி, அதைக் கவனிக்க நியமிக்கப்பட்ட இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்பிவைக்கும். எந்த முகவரி, நிரலின் எந்தப் புள்ளி, படிக்கப்போனதா எழுதப்போனதா என்று கணக்காக எழுதிய கடிதம் அது. கைதேர்ந்தவர் அந்த முகவரியைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார். சுழியமோ சுழியத்தை ஒட்டிய சின்ன எண்ணோ என்றால், வெற்றுப் பாயிண்டரை நம்பி அதன் உள் உறுப்பு ஒன்றைத் தேடிப் போயிருக்கிறது. ஸ்டாக்கின் கீழ்விளிம்பைச் சற்றே தாண்டிய முகவரி என்றால் ஸ்டாக் நிரம்பி வழிந்திருக்கிறது. பதினாறடிமான எண்ணில் 20656874 என்று வந்தால்? பைட்டுகளைப் பின்னிருந்து படித்தால், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டி, எச், இ, பிறகு ஓர் இடைவெளி. யாரோ ஒரு வாக்கியத்தை அளவு பார்க்காமல் நகலெடுத்து, பக்கத்திலிருந்த பாயிண்டரின் மேல் கொட்டியிருக்கிறார்கள். வாக்கியம் தமிழாக இருந்திருந்தால் இதைவிடச் சுலபம்: யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 224 என்ற பைட்டில் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175. அந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

இந்த வாசிப்பில் சுவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இது குறுக்கெழுத்துப் புதிரின் சுவை; விடை கிடைத்ததும் முடிந்துவிடுகிறது. உறைந்துபோன கணினியின் முன்னால் உட்காருவது வேறு.

க்யூஎன்எக்ஸில் பிடின் என்றொரு கட்டளை உண்டு. தட்டினால், கணினியில் உள்ள ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் விழும். முதல்முறை பார்ப்பவருக்கு வறட்டு அட்டவணை. பழகியவருக்கு அது ஒரு நாடகத்தின் நடுக்காட்சி. ஏனென்றால், அந்த இயங்குதளத்தில் காத்திருப்பதற்குச் சாயல்கள் உண்டு. ஒரு த்ரெட் செய்தி அனுப்பியிருக்கிறது, ஆனால் எதிராளி அதை இன்னும் கையில் வாங்கவில்லை என்றால் அது 'செண்ட்' நிலை. வாங்கிவிட்டார், பதில்தான் வரவில்லை என்றால் 'ரிப்ளை' நிலை. யாராவது ஏதாவது கேட்கட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தால் 'ரிசீவ்' நிலை. பூட்டுக்காக நின்றால் 'மியூடெக்ஸ்'. வெறுமனே காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டியல் ஒதுங்கிக்கொள்வதில்லை. யாருக்காக என்று பக்கத்திலேயே ப்ராசஸ் எண்ணைப் போட்டுவிடுகிறது.

இதை வாசிக்கும் முறை அலாதியானது. நூறு த்ரெட்கள் 'ரிசீவ்' நிலையில் இருந்தால் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடவேண்டும்; அவை வேலையில்லாமல் ஆரோக்கியமாக இருப்பவை. ஒன்றிரண்டு 'ரிப்ளை' இருப்பதும் இயல்பு. 'செண்ட்' நிலையில் ஒன்று நிற்பதைப் பார்த்தால்தான் விரல் நிற்கும். நன்றாக எழுதப்பட்ட சேவகன் ப்ராசஸ் எப்போதும் ஒரு த்ரெட்டையாவது வாசலில் வைத்திருக்கும். யாரோ செண்டில் தேங்குகிறார் என்றால் அந்த வாசலில் ஆள் இல்லை. ஏன் இல்லை? அந்த சேவகனின் எண்ணைப் பட்டியலில் தேடு. அதன் ஒரே த்ரெட் இன்னொருவரிடம் 'ரிப்ளை'யில் நிற்கிறது. அந்த இன்னொருவரைத் தேடு. அவர் ஒரு பூட்டுக்காக நிற்கிறார். பூட்டின் சாவி யாரிடம்? முதலில் 'செண்டில்' நின்றாரே, அவரிடம். வட்டம் மூடிக்கொண்டது. ஒரு வரி நிரலைக்கூடத் திறக்காமல், ஒரு பக்கப் பட்டியலில் விரல் வைத்து நகர்த்தி டெட்லாக்கைக் கண்டுபிடிப்பதற்கு ஈடான இன்பம் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இந்த வட்டம் வராமலிருக்க க்யூஎன்எக்ஸ்காரர்கள் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். ப்ராசஸ்களை மேல் கீழ் என்று படிநிலையில் அடுக்கிவிட்டு, காத்து நிற்கும்படியான செய்தியை மேல்நோக்கி மட்டுமே அனுப்பவேண்டும். மேலே இருப்பவர் கீழே எதையாவது சொல்ல நேர்ந்தால், பதில் எதிர்பார்க்காத 'பல்ஸ்' என்ற சின்னத் தட்டல் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கவேண்டும். கெர்னல் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை, எழுதுபவர் கட்டுப்பாடுதான். மினிக்ஸ் இன்னும் கண்டிப்பு. ஒருவர் காத்து நிற்கும்படி செய்தி அனுப்பும்போதே, எதிராளி யாருக்காகக் காத்திருக்கிறார், அவர் யாருக்காக என்று கெர்னல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்துபார்க்கும். தொடங்கிய ஆளிடமே திரும்பி வந்துவிட்டால் அந்த அனுப்பலை மறுத்து, பிழை எண்ணைக் கையில் கொடுத்துவிடும். மனிதன் பட்டியலில் விரல் வைத்துச் செய்வதைக் கெர்னல் தானே செய்துவிடுகிறது. பயனுள்ள ஏற்பாடு, ரசிகனின் வேலையை இது கொஞ்சம் பறிக்கிறது என்று ஒரு சின்ன வருத்தம்.

த்ரெட் கோளாறு என்றதும் எல்லோரும் சொல்லும் கதை, 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம். வானிலைத் தகவல் சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த ஒரு வேலை பூட்டு ஒன்றைப் பிடித்திருந்தது. அதற்காக உயர்ந்த முன்னுரிமை கொண்ட வேலை காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை வேலைகள் குறுக்கே புகுந்து பூட்டுக்காரரை ஓடவிடாமல் செய்தன. கெடு தவறியதைப் பார்த்த மென்பொருள் கணினியை மறுபடி மறுபடி ரீசெட் செய்தது. காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டுக்காரருக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் 'முன்னுரிமை வாரிசுரிமை' என்ற ஒரு தெரிவு அந்தப் பூட்டில் அணைந்திருந்தது. பூமியிலிருந்தே அதை முடுக்கிவிட்டார்கள். அதற்கான கோட்பாட்டை விளக்கி 1990இல் வெளியான கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ரகுநாதன் ராஜ்குமார். மற்ற இருவர் லூயி ஷா, ஜான் லெஹோக்ஸி.

அந்தக் கதையில் என்னைக் கவர்வது தீர்வு அல்ல, அது கண்ணில்பட்ட விதம். ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் விண்கலத்தின் நகலை வைத்து, எந்த வேலை எப்போது ஓடியது, எப்போது நின்றது என்ற தடப்பதிவை ஓடவிட்டு, ரீசெட் மறுபடி நிகழும்வரை விடாமல் இயக்கினார்கள். தடத்தில் காத்திருப்பு எழுதியிருந்தது. விண்கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ், மைக்ரோகெர்னல் என்ற பெயரைச் சூடிக்கொண்டிருந்தாலும் அன்று சுவர்கள் இல்லாத இயங்குதளம். க்யூஎன்எக்ஸில் இந்த வாரிசுரிமை செய்தியோடு கூடவே பயணிக்கிறது: உயர்ந்த முன்னுரிமைக்காரர் ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்லும்வரை சேவகனின் த்ரெட் அவருடைய முன்னுரிமைக்கு உயர்ந்துவிடும். பட்டியலில் ஒரு சாதாரண சேவகன் திடீரென்று உயர்ந்த எண்ணோடு நிற்பதைப் பார்த்தால், யாரோ பெரியவர் காரியமாக ஓடுகிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

குனு ஹர்ட் எதிர்த்திசையில் சொல்லிக்கொடுக்கும் பாடசாலை. 1990இல் வேலை தொடங்கிய அந்த அமைப்பில், ஒரு சேவகனுக்கு வரும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் தேவைப்பட்டால் புதிய த்ரெட் முளைக்கும். வாசலில் ஆள் இல்லை என்ற பேச்சே எழாது. அதற்கு விலை உண்டு. மெமரி குறையும்போது கெர்னல், எழுதவேண்டிய பக்கங்களை வட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கோப்பு முறைமைக்குக் கோரிக்கைகளை அள்ளி வீசும். ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டாக். மெமரியை மிச்சப்படுத்தப் போன வேலை மெமரியை விழுங்கும். த்ரெட் கோளாறும் மெமரிக் கோளாறும் ஒன்றையொன்று பெற்றெடுக்கும் காட்சி இது. ஆனால் ஹர்டில் ஒரு சௌகரியம் மனதை அள்ளும்: ஓடும் ஹர்டுக்குள்ளேயே இன்னொரு ஹர்டைக் கிளப்பி, உள்ளே இருப்பதன் கோப்பு முறைமையை வெளியிலிருந்து சாதாரண டீபக்கரால் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கலாம்.

நிறுத்திப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. இடையில் ஒரு அச்சு வரியைச் சேர்த்ததும் மறைந்துவிடும் பக் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பரிச்சயம். ஹைசன்பக் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. டாண்டம் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985இல், களத்தில் ஓடும் மென்பொருளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இந்த ரகமே, எனவே மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று வாதிட்டார். 2005இல் வந்த மினிக்ஸ் 3 அதைக் கட்டடமாகவே எழுப்பியது. அதில் மறுபிறவிச் சேவகன் ஒன்று உண்டு. டிரைவர்களின் நாடியை அவ்வப்போது பிடித்துப் பார்த்து, செத்ததைப் புதிதாகக் கிளப்பிவிடும்.

பயனருக்கு இது வரம். டீபக் செய்பவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் உபகாரம் கிடையாது. துப்பறிய வருவதற்குள் தரையைக் கழுவித் துடைத்து வைத்துவிடுகிறார்கள். விழுந்த ப்ராசஸின் மெமரியை முழுதாகப் பதிவெடுக்காமல் மறுபிறவி கொடுக்கும் எந்த அமைப்பின் மீதும் எனக்கு மரியாதை இல்லை. எத்தனை முறை செத்தது என்ற கணக்கையாவது யாராவது பார்க்கவேண்டும், பெரும்பாலும் பார்ப்பதில்லை.

சுவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவை ப்ராசஸருக்கு மட்டுமே சுவர். நெட்வொர்க் அட்டையோ வட்டுக் கட்டுப்படுத்தியோ டிஎம்ஏ வழியாக மெமரியில் நேராக எழுதும்போது, ப்ராசஸரின் காவலைக் கடப்பதே இல்லை. டிரைவர் தன் போர்ஷனுக்குள் கைகட்டி உட்கார்ந்துகொண்டே, தவறான முகவரியை அட்டையிடம் கொடுத்து அடுத்த வீட்டை நாசம் செய்யலாம். ஐஓஎம்எம்யூ என்ற தனிக் காவல் இருந்தால்தான் பிடிபடும். சுவர்களை முழுதாக நம்பியவர்கள் நெடுநேரம் தவறான வீட்டிலேயே தேடிக்கொண்டிருப்பது இந்த ரகத்தில்தான்.

வன்பொருளின் குறும்பு டானன்பாமையே கிட்டத்தட்டத் தோற்கடித்திருக்கிறது. முதல் மினிக்ஸை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, சிறிது நேரம் ஓடிவிட்டுக் காரணமின்றிச் சாகும். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. 8088 சிப்பைப் போல நடிக்கும் ஒரு நிரலில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. கைவிட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்தபோது, மாணவர் ராபர்ட் வான் ரெனஸ், சிப் சூடானால் பதினைந்தாம் எண் இன்டரப்ட் கிளம்பும் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். சிப்பின் கையேட்டில் அப்படி எதுவும் இல்லை. டானன்பாம் அந்த எண்ணுக்கு ஒரு கையாளியை எழுதி, இந்தச் செய்தியை யாரும் பார்க்கப்போவதில்லை என்ற பொருளில் ஒரு வரியை அச்சிட வைத்தார். அந்த வரி திரையில் வந்தது. மெமரியும் இல்லை, த்ரெட்டும் இல்லை, சூடு. அந்தக் கேலி வரியை எழுதிய கையை நான் ரசிக்கிறேன். நம்பாத ஒன்றுக்கும் பொறி வைக்கத் தெரிந்திருந்தது.

இந்த வேட்டையே தேவையில்லாமல் செய்துவிட முடியுமா? சிட்னியில் கெர்வின் க்ளைன், கெர்னாட் ஹைசர் குழுவினர் 2009இல் எஸ்இஎல்4 கெர்னலின் கணித நிரூபணத்தை முடித்தார்கள். ஏறக்குறைய 8,700 வரி சி நிரல். அதன் சரித்தன்மைக்கு இரண்டு லட்சம் வரி நிரூபணம். நிரூபணத்துக்கு முந்தைய சோதனைகளில் அகப்பட்ட பிழைகள் 16. நிரூபிக்கும் வேலை 144ஐப் பிடித்தது. சோதனையை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை உறங்கிக் கிடந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு நான் பார்த்ததில்லை. அந்தக் கெர்னல் தனக்கென்று மெமரியைக் கேட்டு வாங்குவதே இல்லை. எந்தப் பொருளுக்கு எந்த மெமரி என்பதை மேலே ஓடும் நிரல்கள் தங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். கெர்னலுக்குள் மெமரிக் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லாத வடிவம்.

ஆனால் நிரூபணம் கெர்னலோடு நிற்கிறது. அதன்மேல் நாமே எழுதும் இரண்டு சேவகர்கள் ஒருவரையொருவர் அழைத்துவிட்டுப் பதிலுக்காக நிற்பதைக் கெர்னல் தடுக்காது. இருவரையும் மிகச் சரியாக, நிரூபிக்கப்பட்ட முறையில், நிற்கவைத்திருக்கும். அப்போது சோதனைப் பதிப்பைக் கிளப்பி, எந்த த்ரெட் எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலைத் திரைக்குக் கொண்டுவந்து, முதல் பெயரிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.