கட்டத்துக்குள் அடங்காத பம்பை

ரீப்பர், லாஜிக், ஏபிள்டன் என்ற பாட்டுப்பதிவு மென்பொருள்களில் எதைத் திறந்தாலும் புதுப் பாட்டுக்கு நிமிடத்துக்கு 120 என்ற வேகமும் நாலுக்கு நாலு தாளமும் முன்பே போட்டிருக்கும். போச்சம்பள்ளிப் பக்கம் மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடிப்பவர் எந்த எண்ணையும் பார்த்து அடிப்பதில்லை. பாட்டு ஏற ஏற அடியும் ஏறும். சாமி வரும் நேரத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி நெருங்கிக்கொண்டே போகும். அதைப் பதிந்து 'குவான்டைஸ்' கொடுத்தால் ஒவ்வோர் அடியும் திரையில் தாளத்தைச் சமமாகப் பிரிக்கும் கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கேட்கச் சுத்தமாக இருக்கும், சாமி வராது.

ஆகவே மென்பொருளை நம் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது இங்கே அவசியம் என்றே சொல்வேன். அதற்குத் தாராளமாக இடம்கொடுப்பது ரீப்பர். வினாம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் 2006-இல் கொண்டுவந்தது. சிறு ஸ்டூடியோவுக்கு உரிமம் 60 டாலர். தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை மிஸ்ர சாபுக்கு மூன்றும் நான்குமாகத் தட்டவைக்கலாம். பதிவான பாட்டின் மேல் வேகக் குறிகளை இட்டு, கட்டத்தையே பாடகரின் பின்னால் நடக்கவைக்கலாம். வெட்டு, இடப்பக்கத்தை நீக்கு, அடுத்ததற்குப் போ என்ற மூன்று கட்டளைகளையும் ஒரே விசையில் அடக்கலாம். விடியவிடிய நடந்த தெருக்கூத்தின் பதிவைத் துண்டு போடுகிறவருக்கு இந்த ஒரு விசை பெரிய உபகாரம்.

இப்படி மாற்றிக்கொண்டிருக்கும் வேலைக்கு முடிவில்லை என்பது உண்மை. நிறம், ஐகான், ஸ்கிரிப்ட் என்று இரவுகள் போகும். பாட்டு அப்படியே கிடக்கும். பழகிய கை ஓசூரிலோ பெங்களூரிலோ வேறொரு ஸ்டூடியோவில் உட்கார்ந்தால் தடுமாறும். இதற்காவது வழியுண்டு: அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பாக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம்.

என் கவலையெல்லாம் டெம்ப்ளேட் என்ற முன்அமைப்புக் கோப்பின் மீதுதான். பண்டிகைக் காலத்தில் கோயில் பாட்டு அவசர வேலை. ஒருமுறை நன்றாக அமைந்த பம்பை சாம்பிள், எதிரொலி, கோரஸ் எல்லாவற்றையும் சேமித்துவைத்து அடுத்த ஊர்ப் பாட்டுக்கும் அதையே திறந்தால், பாடுகிறவர் வாய் திறக்கும் முன்பே சுருதியும் வேகமும் முடிவாகிவிடுகின்றன. யாரோ வைத்த 120-ஐ வேண்டாமென்று தள்ளியவர், தானே இன்னொரு 120-ஐ உண்டாக்கிக்கொள்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சாமிப் பாட்டு ஒலிக்கும் பகுதி இந்தப் போச்சம்பள்ளி, ஓசூர்ப் பக்கம். அந்த வேறுபாடுகளெல்லாம் ஒரே கோப்புக்குள் கரைந்துபோனால் இழப்பு ஸ்டூடியோவோடு நிற்காது.

டெம்ப்ளேட்டில் மைக் வரிசையும் டிராக் பெயர்களும் இருக்கட்டும். வேகத்தையும் சுருதியையும் மட்டும் காலியாக விடுங்கள். பம்பைக்காரரையும் பாடகரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, மெட்ரோனோம் இல்லாமல் ஒரு தடவை முழுதாக அடித்துப் பாடவிட்டு, அதிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.