கையே அதற்குப் பெட்டி

தேவிகுளத்தில் ஆனி மழை பிடித்துவிட்டால் பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுச்சேலைக்கே பூஞ்சை வரும். துவைத்த சட்டை அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்தால்தான் காயும். புகை வாசனையோடுதான் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். பெல்ட்டும் செருப்பும் புத்தக அட்டையும் தப்புவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆட்டோமேட்டிக் வாட்சை எங்கே வைப்பது? சமவெளிக்காரர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே செல்லாது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வை என்பார்கள். குளிர்ந்த இடத்துக்குப் பஞ்சமில்லை. 1,700 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. உலர்ந்த இடத்துக்குத்தான் எங்கே போவது?

மலைக்கு இந்த வாட்சுகள் ஏறி வந்த வழி இரண்டு. ஒன்று பெங்களூர் வழி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து எச்.எம்.டி. அங்கே வாட்ச் செய்யத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ஜனதாவும் பைலட்டும்தான் ஊரெல்லாம் பரவின. ஆனால் கல்யாண மாப்பிள்ளை கைக்கு என்று ஆசைப்பட்டது தங்க முலாம் பூசிய காஞ்சன். கிழமையும் தேதியும் காட்டும் ஆட்டோமேட்டிக் அது. இன்னொன்று வளைகுடா வழி. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் சென்ட் பாட்டிலோடும் டேப் ரிக்கார்டரோடும் கொண்டுவந்தது சீக்கோ 5. இரண்டிலும் எனக்குப் பிடித்தது சீக்கோதான். காஞ்சன் பார்க்கும்படியான வாட்ச், சீக்கோ உழைக்கிற வாட்ச்.

ஆட்டோமேட்டிக்கின் அழகு முதலில் காதுக்குத்தான் எட்டும். வாட்சைக் காதருகே வைத்து லேசாகச் சாய்த்தால் உள்ளே கனமாக ஏதோ சரிந்து சுற்றுவது கேட்கும். அரைவட்டத் தகடு ஒன்று நடு அச்சில் தொங்குகிறது. கை அசையும்போதெல்லாம் தன் கனத்தால் அது கீழ்நோக்கித் திரும்ப, அந்தத் திருப்பம் பற்சக்கரங்கள் வழியே போய்ச் சுருள்வில்லை முறுக்குகிறது. சீக்கோ 1959-இல் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்றுண்டு. இரண்டு நகம் போன்ற கைகள் உள்ள ஒரு சின்ன நெம்புகோல் ஒரு சக்கரத்தைப் பிடித்திருக்கும். தகடு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு கை இழுக்கும், மறு கை தள்ளும். இரண்டு வேலையாலும் சக்கரம் ஒரே திசையில்தான் நகரும். ஐந்தாறு பாகங்கள் செய்ய வேண்டியதை அந்த ஒற்றை நெம்புகோல் செய்துவிடுகிறது. பின்மூடி கண்ணாடியாக உள்ள வாட்சில் இதைத் தேடிப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. முன்பக்கம் நொடிமுள் நொடிக்கு ஆறு சிற்றடி வைத்து வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரி வாட்சின் நொடிமுள் குதித்துக் குதித்து நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு ஆறுதல்.

சோம்பேறிகளுக்காகச் செய்தது ஆட்டோமேட்டிக் என்று பலர் நினைக்கிறார்கள். கைக்கடிகாரத்தில் அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் ஹார்வுட்டுக்குக் கவலை வேறு. முதல் உலகப்போர் முடிந்து வந்த ஆங்கிலேய வாட்ச்காரர் அவர். பழுதாகி வந்த வாட்சுகளில் சாவி நுழையும் துளை வழியாகவே தூசியும் ஈரமும் உள்ளே போயிருப்பதைக் கண்டார். தினமும் திருகுவதால் அந்த இடம்தான் தேய்கிறது. சாவியே இல்லாமல் செய்துவிட்டால்? 1924-இல் சுவிஸ் காப்புரிமை பெற்ற அவருடைய வாட்சில் சாவி கிடையாது. கை அசைவே சாவி. நேரம் திருத்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். ரோலெக்ஸ் 1926-இல் திருகி மூடும் சாவியோடு ஆய்ஸ்டரை வெளியிட்டது. தினமும் திருகைக் கழற்றிச் சாவி கொடுத்தவர்கள் அதைத் திரும்ப மூட மறக்கக்கூடும். 1931-இல் அதே கூட்டுக்குள் முழுவட்டம் சுற்றும் தகட்டை வைத்ததும் அந்த இடைஞ்சலும் தீர்ந்தது. சீக்கோ 5 சாவியை நான்கு மணிப் பக்கம் ஒதுக்கி உள்ளே பதித்து வைத்திருப்பதும் இந்தப் பரம்பரையில்தான் வருகிறது. அடிக்கடி தொட வேண்டாம் என்று அது சொல்லாமல் சொல்கிறது. தூசிக்கும் ஈரத்துக்கும் பயந்து பிறந்த யந்திரம், ஈரமே குடியிருக்கும் மலையில் வந்து சேர்ந்திருக்கிறது.

மழைக்காலத்தில் வாட்ச் கண்ணாடிக்குள் பனி படிந்ததும், மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது என்று பதறுவார்கள். எப்போதும் அப்படி இருக்க வேண்டியதில்லை. இங்கிருந்து போடிமெட்டு இறங்கிப் போடிக்கோ தேனிக்கோ போய் வாட்சைத் திறந்து சர்வீஸ் செய்கிறோம். அங்கே 32 டிகிரி வெக்கை, மழைக்கு முந்தைய புழுக்கம். மூடியை அடைக்கும்போது அந்தக் காற்றும் உள்ளே அடைபடுகிறது. மலையேறி வந்ததும் வெளியே 12 டிகிரி. பின்மூடி கைச்சூட்டில் கதகதப்பாக இருக்க, கண்ணாடி மட்டும் குளிர்ந்து போகிறது. கீழே வாங்கிய ஈரம் மேலே வந்து கண்ணாடியில் உட்காருகிறது. சிறிது நேரத்தில் தானாக மறைந்தால் இதுதான் காரணம். மறையாமல் நின்றாலோ, அடிக்கடி வந்தாலோ ரப்பர் வாசர் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே திறந்து காயவைக்க வேண்டும். இரும்பு வில்லுக்கும் திருகுகளுக்கும் துரு பிடிக்க ஒரு மழைக்காலம் தாராளம். கீழே சர்வீஸ் கொடுப்பவர்கள் புழுக்கமில்லாத தை, மாசியில் கொடுப்பது நல்லது.

அப்படியானால் வாட்சை எங்கே வைப்பது? கையில். என் முடிவு அதுதான். உடம்புச் சூடு பின்மூடியை நாள் முழுக்க இளஞ்சூட்டில் வைத்திருக்கிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் இறுகாது, ஓட்டமும் சீராக இருக்கும். ராத்திரி கழற்றினால் ஜன்னலோரம் வைக்காதீர்கள். தையில் இந்தப் பக்கம் சில ஆண்டுகள் உறைபனியே விழுகிறது. தலையணைக்குப் பக்கத்தில் டயல் மேலே பார்க்க வைத்தால் போதும். முழுக்க முறுக்கேறிய வாட்ச் சுமார் 40 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை ராத்திரி கழற்றினால் திங்கள் காலைவரை தாக்குப்பிடிக்கும். வாட்ச் ராத்திரியில் கொஞ்சம் முந்துகிறது என்றால், சாவி மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிடையிலும் ஓட்டம் ஒரு மாதிரி இருக்கும். உங்கள் வாட்சுக்கு எந்தக் கிடை தோது என்பதை நீங்களே கண்டுபிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது.

கரண்டில் ஓடி வாட்சைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்டிகள் விற்கிறார்கள். ஒரே வாட்ச் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு. பத்து வைத்திருப்பவருக்கும் பெரிய நன்மை இல்லை. சும்மா கிடக்கும் வாட்ச் தேய்வதில்லை. சுற்றிக்கொண்டே இருப்பது தேய்கிறது. தானாகத் தேதி மாறும் வாட்ச் நின்றுபோனால் திரும்பத் திருத்துவது ஒரு நிமிட வேலை. ராத்திரி ஒன்பதுக்கும் அதிகாலை நான்குக்கும் இடையில் மட்டும் தேதியைத் திருகக் கூடாது, பல் முறியலாம்.

மாதக்கணக்கில் போடாமல் வைக்க வேண்டியிருந்தால், தேயிலைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தையே போதும். ஃபேக்டரியில் தூளைச் சுமார் 3 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து எடுத்துக் காற்றுப் புகாமல் அடைப்பது எதற்கு? வெளியே விட்டால் அது மலையின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். வாட்சுக்கும் இறுக்கமாக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வேண்டும். நீல நிற ஜெல் ரோஸாக மாறினால் அது நிறைந்துவிட்டது. வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும், ஆனால் சமையலுக்குப் புழங்கும் வாணலியில் வேண்டாம். தோல் பட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள், பூஞ்சை அதில்தான் முதலில் வரும். மழைக்கு நைலான் பட்டையோ ஸ்டீல் செயினோ மேல். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது ஈரம் எடுப்பதைவிடத் தூசி கொடுப்பது அதிகம். அடுப்புப் பரணும் கூடாது. சூடு எண்ணெயையும் புகை டயலையும் கெடுக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் வில்லில் காந்தம் ஏறி வாட்ச் தலைதெறிக்க ஓடும். காந்தம் நீக்கும் கருவி இருக்கிற கடையில் சில நொடிகளில் சரியாகிவிடும்.

குளிரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பது இங்கே ஒரு சுகம். வாட்சுக்கு அது வதை. பச்சைத்தண்ணீரைத் தடுக்கும் வாசர் ஆவியையும் சோப்பையும் தடுக்கும் என்று நம்ப முடியாது. மழையில் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், குளியலறைக்கு மட்டும் வேண்டாம்.

சர்வீஸ் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் வைக்க வேண்டும், வாசரை அதற்கு முன்பே மாற்றலாம். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தபின் பழைய உதிரிபாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஆகவே அப்பாவின் பழைய காஞ்சனோ சீக்கோவோ வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்து உங்கள் கைக்கு வந்தால் குலுக்கி ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். எண்ணெய் வற்றி இறுகிப்போன அச்சில் அந்த ஓட்டம் தேய்மானம்தான். முதலில் சர்வீஸுக்குக் கொடுங்கள். டயலில் மழைக்கறை படிந்திருக்கும், புதுசாகப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பார் கடைக்காரர். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுபெயிண்ட் அடித்த டயலோடு சந்தையில் திரியும் பழைய வாட்சுகள் ஏராளம், கறையோடு பிழைத்த அசல் டயல்கள் குறைவு.