தீயில் காயும் ரவான்

மொரீசியஸில் ஞாயிறு என்றால் கடற்கரைச் சவுக்கு நிழலில் பாயும் பிரியாணிச் சட்டியுமாகக் குடும்பங்கள் கூடிவிடும். அங்கே செகா பாட்டுக்கு உயிர் தருவது ரவான் என்ற ஆட்டுத்தோல் கருவி. அதை வாசிப்பதைவிட, வாசிக்குமுன் காய்ச்சுவதே அதிகம் ரசிக்கத்தக்கது. கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து மந்தமாக முனகும். தீ மூட்டி, ரவானின் வட்டத்தைச் சுழற்றிச் சுழற்றி அனலில் காட்டுவார்கள். விரல் நுனியால் தட்டுவதும், காது கொடுப்பதும், மறுபடி அனல் காட்டுவதுமாக, தோல் விறைத்து முழங்கும்வரை பொறுமை வேண்டும். நம் பறைக்கும் இதே பக்குவம்தான்.

காய்ச்சத் தேவையில்லாத செயற்கைத் தோல் ரவானே கிடைக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்கலாம். மேடைக்கும் மழை நாளுக்கும் அது வசதிதான். ஆனால் விடுமுறையில் மிச்சப்படுத்த வேண்டியது நேரமல்ல. தீயைச் சுற்றிக் காத்திருக்கும்போதுதான் பிள்ளைகளின் காது மந்த ஒலிக்கும் முழக்கத்துக்கும் வேறுபாடு அறிகிறது. பெரியவர்களின் கைப்பக்குவம் அவர்கள் கண்ணில் படுகிறது. யுனெஸ்கோ 2014இல் பாரம்பரிய செகாவை மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பெருமை தரும். பழக்கத்தைக் கைமாற்றித் தருவதோ இந்தக் காத்திருப்புதான்.