வீட்டு அடைவு யாருடையது?

யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் பெயர் புள்ளியில் தொடங்கினால் அந்தக் கோப்பு பட்டியலில் தெரியாது. இதை யாரும் யோசித்து வடிவமைக்கவில்லை. ஒவ்வொரு அடைவிலும் இருக்கும் ‘.’, ‘..’ என்ற இரண்டு பெயர்களைக் காட்டாமலிருக்க, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ நிரலில் ஒரு சோதனை வைத்தார்கள். முழுப் பெயரைப் பார்க்காமல் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நிரலாளர் ராப் பைக் 2012இல் இதை விளக்கி, தவறு என்றே சொன்னார்.

அவர் கவலையில் நியாயம் உண்டு. மறைந்திருப்பது கேட்பாரற்று வளர்கிறது. நட்சத்திரக் குறியிட்டு எல்லாவற்றையும் நகலெடுத்தோம் என்று நம்புகிறவரின் காப்புநகலில் தொலைநுழைவுச் சாவிகள் இருக்கும் ‘.எஸ்எஸ்எச்’ அடைவு இராது, வட்டு பழுதான பிறகுதான் சாவிகள் போனது தெரியும். இந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனாலும் வெளிப்படையாக வைப்பதே தீர்வு என்பதை ஏற்க முடியவில்லை. உபுண்டுவில் ‘ஸ்னாப்’ தொகுப்புகளுக்கான அடைவைப் பாருங்கள். பயனரின் வீட்டு அடைவில், கடிதங்கள், படங்கள், கணக்குகள் நடுவே கேட்காமலே வந்து உட்கார்கிறது. அதை மறைக்கும் வசதியும் சோதனை விருப்பமாகவே வந்தது. கோ நிரல்மொழியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அதை உருவாக்கியவர்களில் பைக்கும் ஒருவர். 2017இல் வந்த 1.8 பதிப்பிலிருந்து, வேறிடம் குறிக்காவிட்டால் அதன் பணியிடம் வீட்டிலுள்ள ‘கோ’ அடைவு. அன்று அதில் பயனர் எழுதிய நிரல் இருந்தது. கண்ணில் பட்டது சரியே. மாட்யூல் முறை வந்தபின் பலருக்கு அது இறக்கிய தொகுதிகளின் கிடங்காகிவிட்டது. பெயரும் இடமும் மாறவில்லை, வெளியே தெரிவதற்கான நியாயம் மட்டும் போய்விட்டது.

ஆகவே புள்ளி வேண்டுமா என்பதைவிட, உள்ளே இருப்பதை யார் உண்டாக்கினார் என்பதே முதல் கேள்வி. அதற்கு நேர்மையாக விடை தேடியது, நிரல்கள் தம் கோப்புகளை வீட்டு அடைவில் எங்கே வைப்பது என்று சொல்லும் எக்ஸ்டிஜி விதிமுறை. 2003 முதல் அது அமைப்புகளை ‘.கான்ஃபிக்’கிலும் தற்காலிகச் சேமிப்பை ‘.கேஷ்’ அடைவிலும் பிரித்து வைக்கச் சொல்கிறது. 2021இல் நிலைத்தகவலுக்கும் தனியிடம் தந்தது. எதைக் காப்பது, எதைத் தயங்காமல் அழிப்பது என்பது அடைவின் பெயரிலேயே தெரிகிறது. மேக்கின் ‘லைப்ரரி’யும் உள்ளே இப்படிப் பிரிந்ததுதான்; 2011இல் ஆப்பிள் அதைப் பார்வையிலிருந்து மறைத்தபோதும் அந்தப் பிரிவுகள் குலையவில்லை.

என் தீர்ப்பு எக்ஸ்டிஜி பக்கம். பேஷ், எஸ்எஸ்எச் போன்ற மூத்த நிரல்கள் பழைய இடத்திலேயே இருக்கட்டும். அவற்றை நம்பி எத்தனையோ ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றன. இன்று எழுதப்படும் நிரல் வீட்டு வாசலில் தனக்கென ஓர் அடைவு திறந்தால், புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும், அதை வழுவாகவே பதிய வேண்டும்.